கவாசாகி நோய் தாமதமாகத் தெரியவந்தால்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல். இரண்டு மூன்று ஆன்டிபயாட்டிக் மாற்றியாகிவிட்டது. கடைசியில் ஒரு மருத்துவர் எக்கோ (இதயத்தின் ஒலி அலைப் படம்) எடுக்கச் சொல்லி, "இது கவாசாகி நோயாக இருக்கலாம், பத்து நாள் தாண்டிவிட்டது" என்கிறார். அந்தக் கட்டத்தில் நிற்கும் பெற்றோருக்காக எழுதப்பட்ட பக்கம் இது. உங்கள் குழந்தைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்வார். இங்குள்ள அளவுகள் அவர் சொல்வது உங்களுக்குப் புரிவதற்காக மட்டுமே.

கவாசாகி நோய் என்றால் என்ன?

நடுத்தர அளவுள்ள ரத்தக்குழாய்களின் சுவரில் ஏற்படும் அழற்சி. பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வருகிறது. ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1961-ல் டோக்கியோவில் முதல் குழந்தையைப் பார்த்தார். 50 குழந்தைகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1967-ல் வெளிவந்தது. இன்றுவரை காரணம் உறுதியாகவில்லை. ஏதோ ஒரு தொற்று, மரபுவழியில் அதற்கு இடம்கொடுக்கும் உடலில், நோய் எதிர்ப்பு மண்டலத்தை அளவுக்கு மீறித் தூண்டிவிடுகிறது என்பதே பெரும்பான்மைக் கருத்து. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. நீங்கள் கொடுத்த உணவாலோ போட்ட தடுப்பூசியாலோ வந்ததும் அல்ல.

உடம்பில் பல இடங்களில் அழற்சி இருந்தாலும் பயப்பட வேண்டிய இடம் ஒன்றுதான்: இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள். ஒரு வயதுக் குழந்தைக்கு இவை ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலம். அந்தச் சுவர் அழற்சியால் நைந்துபோனால், உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தத்தில் குழாய் பலூன் போலப் புடைக்கிறது. இதையே அன்யூரிசம் என்கிறார்கள். சிகிச்சை பெறாத குழந்தைகளில் நான்கில் ஒருவர் அல்லது ஐந்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. முதல் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புரத மருந்தை ஏற்றினால் இது நூற்றுக்கு நான்கு என்ற அளவுக்குக் குறைகிறது.

இத்தனை மருத்துவர்கள் பார்த்தும் ஏன் முதலிலேயே தெரியவில்லை?

இந்த நோய்க்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. ஐந்து நாள் காய்ச்சலோடு ஐந்து அடையாளங்களில் நான்கு இருக்க வேண்டும்: கண் சிவப்பு, உதடு நாக்கு மாற்றம், உடம்பில் தடிப்பு, கை கால் வீக்கம், கழுத்தில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நெறிக்கட்டி. சிக்கல் என்னவென்றால் இவை ஒரே நாளில் வரிசையாக வந்து நிற்பதில்லை. திங்களன்று வந்த தடிப்பு புதனன்று மறைந்துவிடும். வெள்ளியன்று கண் சிவக்கும். ஒவ்வொரு நாளும் வேறு மருத்துவர் பார்த்தால், ஒவ்வொருவர் கண்ணிலும் ஒரு துண்டுதான் படும்.

தவிர, ஒவ்வொரு துண்டுக்கும் கைவசம் ஒரு எளிய விளக்கம் இருக்கிறது. சிவந்த கண் மெட்ராஸ் ஐ ஆகிவிடும். தடிப்பு அம்மை ஆகிவிடும். வேப்பிலை வைத்து, மருந்தே கொடுக்காமல் ஒரு வாரம் வீட்டில் வைத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் அதே தடிப்பு மருந்து ஒவ்வாமை ஆகிவிடும். சிறுநீரில் சீழணுக்கள் தெரிந்தால் சிறுநீர்த் தொற்று என்பார்கள். ஆனால் கல்ச்சரில் கிருமி எதுவும் வளராது. நம் ஊரில் டெங்குவும் உண்ணிக் காய்ச்சலும் இந்தப் பட்டியலில் கட்டாயம் உண்டு. அவற்றை முதலில் தேடியது தவறும் இல்லை.

நுணுக்கமாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மெட்ராஸ் ஐயில் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். கவாசாகியில் இரண்டு கண்ணும் சிவந்திருக்கும், பீளை இருக்காது. வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் கருவிழியை ஒட்டி ஒரு மெல்லிய வளையம் மட்டும் வெள்ளையாகவே விடுபட்டிருக்கும். உதடு காய்ந்து, வெடித்து, ரத்தம் கசியும். நாக்கு சிவந்து அதன் மேல் சிறு மணிகள் துருத்தி நிற்கும். கைக்குழந்தைகளிடம் இன்னொரு தடயம்: பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. ஊசித் தழும்பு திடீரென்று சிவந்து தடித்துவிடும். எல்லாக் குழந்தைக்கும் இது வராது. வந்தால் அதை ஒதுக்கிவிடக் கூடாது.

அடையாளங்கள் இரண்டு மூன்றுதான் இருந்தன. அப்படியும் கவாசாகியா?

ஆம். முழுமையற்ற கவாசாகி என்று இதற்குப் பெயர். தாமதமாகத் தெரியவருபவற்றில் பெரும்பங்கு இதுதான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சலையும் ஓயாத சிணுங்கலையும் தவிர ஒன்றுமே இல்லாமல்கூட வரலாம். வேதனை என்னவென்றால், குழாய் பாதிப்பு அதிகம் வருவதும் அவர்களுக்குத்தான். அதனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஏழு நாள் நீடித்தால், ரத்தத்தில் அழற்சி அளவுகளைப் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்க இதய சங்கத்தின் வழிகாட்டுதல். அவை உயர்ந்திருந்தால் வேறு அடையாளமே இல்லாவிட்டாலும் எக்கோ எடுக்க வேண்டும்.

அடையாளங்கள் குறைவாக இருக்கும்போது ரத்த முடிவுகள் கைகொடுக்கும். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இரண்டு அளவுகளில், சி.ஆர்.பி. டெசிலிட்டருக்கு 3 மி.கி. அல்லது அதற்கு மேல், அல்லது ஈ.எஸ்.ஆர். 40 அல்லது அதற்கு மேல் என்றால் அடுத்த படிக்குப் போவார்கள். ரத்தசோகை, ஏழு நாளுக்குப் பிறகு 4.5 லட்சத்தைத் தொடும் பிளேட்லெட், டெசிலிட்டருக்கு 3 கிராமோ அதற்குக் கீழோ உள்ள ஆல்புமின் (ரத்தப் புரதம்), உயர்ந்த ஏ.எல்.டி. (ஈரல் நொதி), 15,000-ஐத் தொடும் வெள்ளணு, சிறுநீரில் சீழணு: இந்த ஆறில் மூன்று இருந்தாலோ, எக்கோவில் குழாய் விரிந்திருந்தாலோ சிகிச்சை தொடங்கலாம். ஆய்வக அறிக்கையில் சி.ஆர்.பி. எந்த அலகில் இருக்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் பல ஆய்வகங்கள் லிட்டருக்கு மி.கி. என்று அச்சிடுகின்றன, அப்படியென்றால் 30 என்பதே அந்த எல்லை.

பிளேட்லெட் எண்ணிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். டெங்குவில் அது இறங்கும் என்று நமக்கு மனதில் பதிந்திருப்பதால், ஆறு லட்சம், எட்டு லட்சம் என்று ஏறியிருக்கும் அறிக்கையைப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் இப்படி ஏறுவது கவாசாகியின் முத்திரைகளில் ஒன்று.

காய்ச்சல் தொடங்கி 14 நாள் ஆகிவிட்டது. இப்போது இம்யூனோகுளோபுலின் ஏற்றிப் பயன் உண்டா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இது. பத்து நாள் என்பது, அதற்குள் கொடுத்தால் பலன் நன்றாக நிரூபிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான எல்லை. அதற்குப் பிறகு கதவு மூடிவிடும் என்று பொருள் அல்ல. "பத்து நாள் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று யாராவது சொன்னால், குழந்தை இதய மருத்துவரிடமோ குழந்தை ருமாட்டாலஜி (மூட்டு, அழற்சி நோய்கள்) மருத்துவரிடமோ உடனே இன்னொரு கருத்தைக் கேளுங்கள்.

பத்து நாளுக்குப் பிறகு, நாட்காட்டியைவிட அழற்சிதான் முடிவைத் தீர்மானிக்கிறது. வேறு காரணம் சொல்ல முடியாத காய்ச்சல் இன்னும் இருந்தாலும், அல்லது குழாய் விரிந்திருந்து கூடவே சி.ஆர்.பி.யோ ஈ.எஸ்.ஆரோ உயர்ந்தே இருந்தாலும், இம்யூனோகுளோபுலின் கொடுக்க வேண்டும். 14-ஆம் நாளாக இருந்தாலும் 20-ஆம் நாளாக இருந்தாலும் இதுதான் விதி. குழாய்ச் சுவரில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும்வரை அணைப்பதற்கு அர்த்தம் உண்டு.

நாளை எண்ணுவதிலும் தவறு நடக்கும். காய்ச்சல் தொடங்கிய நாள்தான் முதல் நாள். மருத்துவமனையில் சேர்ந்த நாள் அல்ல. நடுவில் மருந்து கொடுத்துக் காய்ச்சல் ஒரு நாள் விட்டிருந்தாலும் எண்ணிக்கையைத் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது.

காய்ச்சல் தானாகவே விட்டுவிட்டது. இப்போது விரல் நுனியில் தோல் உரிகிறது. இனி என்ன செய்வது?

சிகிச்சையே இல்லாவிட்டாலும் கவாசாகிக் காய்ச்சல் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் அடங்கிவிடும். அதுதான் ஏமாற்றுகிறது. குழந்தை விளையாடத் தொடங்கிவிட்ட நேரத்தில்தான் குழாய் விரிந்துகொண்டே போகலாம். விரிவு உச்சத்தை எட்டுவது நான்கு முதல் ஆறாவது வாரத்தில்.

தோல் உரிவது இரண்டாவது மூன்றாவது வாரத்தில், நகத்துக்கு அடியில் விரல் நுனியில் தொடங்கும். ஈரத்தில் ஊறிய காகிதம்போலத் தடித்த தோல் உரிந்து வரும். இன்னும் தாமதமாக, ஒன்றிரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எல்லா நகங்களிலும் குறுக்காக ஒரே மட்டத்தில் ஒரு பள்ளக் கோடு தெரியலாம். நோய் உச்சத்தில் இருந்தபோது நகம் வளர்வது தடைப்பட்டதன் அடையாளம் அது. கவாசாகிக்கு மட்டும் உரியது அல்ல என்றாலும், பழைய காய்ச்சலைப் பற்றி விசாரிக்க அது போதுமான காரணம்.

இந்த நிலையில் அன்றே அல்லது மறுநாளே எக்கோவும் சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர்., பிளேட்லெட்டும் பார்க்க வேண்டும். எல்லாம் இயல்பாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. குறைந்த அளவு ஆஸ்பிரினும் அடுத்தடுத்த எக்கோக்களும் போதும். குழாய் விரிந்திருந்து, அழற்சி முற்றிலும் அடங்கியிருந்தால், ரத்தம் உறையாமல் காப்பதே சிகிச்சை. விரிந்திருந்து அழற்சியும் இருந்தால் முந்தைய பதில் பொருந்தும்.

இம்யூனோகுளோபுலின் எப்படி ஏற்றுகிறார்கள்? எதைக் கவனிக்க வேண்டும்?

ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புரதம் இது. கிலோவுக்கு 2 கிராம், ஒரே தடவையாக, 10 முதல் 12 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். 12 கிலோ குழந்தைக்கு 24 கிராம். 100 மி.லி.யில் 5 கிராம் உள்ள பாட்டில் என்றால் ஏறத்தாழ 480 மி.லி., அதாவது ஐந்து பாட்டில். பழைய முறையில் கிலோவுக்கு 400 மி.கி. வீதம் பல நாள் பிரித்துக் கொடுத்தார்கள். ஒரே தடவை கொடுப்பதே மேல் என்று 1991-லேயே ஒப்பிட்டுக் காட்டப்பட்டுவிட்டது. பணம் புரட்டும்வரை "இன்று இரண்டு பாட்டில், நாளை இரண்டு" என்று ஏற்றுவது அரைகுறைச் சிகிச்சை. விலை அதிகம் என்பது உண்மைதான். அதனால் முதல் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே மொத்தத்துக்கும் வழி செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றுவது, காப்பீட்டு அட்டைப் பிரிவில் விசாரிப்பது இரண்டையும் அதே மணி நேரத்தில் செய்யலாம்.

முதல் அரை மணி நேரம் மிக மெதுவாக ஓட வேண்டும். நடுக்கம், முகம் சிவப்பது, வாந்தி பெரும்பாலும் வேகமாக ஓட்டியதால் வருபவை. நிறுத்தி, மெதுவாக்கினால் சரியாகும். அடுத்த ஓரிரு நாளில் கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு வரலாம். தானாகச் சரியாகும், ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஏ, பி, ஏபி ரத்த வகைக் குழந்தைகளுக்குச் சில நாள் கழித்துச் சிவப்பணு சிதைந்து, குழந்தை வெளிறி, சிறுநீர் கருத்துப் போகலாம். அப்போது உடனே ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். பாட்டிலில் ஒட்டியிருக்கும் பேட்ச் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றிய பிறகு ஈ.எஸ்.ஆரை நம்பக் கூடாது. மருந்தே அதை உயர்த்திவிடும். சி.ஆர்.பி. குறைகிறதா என்று பார்ப்பதுதான் சரி.

ஏற்றி முடித்தும் காய்ச்சல் விடவில்லை என்றால்?

மருந்து முடிந்து 36 மணி நேரம் கழித்தும் காய்ச்சல் இருந்தாலோ திரும்ப வந்தாலோ மருந்துக்கு அடங்காத கவாசாகி என்பார்கள். பத்தில் ஒன்று, இரண்டு குழந்தைக்கு இப்படி ஆகும். இரண்டாவது முறை அதே அளவு இம்யூனோகுளோபுலின், அல்லது கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. இன்ஃப்ளிக்சிமாப் என்ற அழற்சியை அடக்கும் மருந்து, அல்லது ஸ்டீராய்டு தருவார்கள். இன்ஃப்ளிக்சிமாபுக்கு முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நம் நாட்டில் இந்தப் படியைத் தாண்டக் கூடாது.

தாமதமாக வந்த குழந்தைக்கு முதல் எக்கோவிலேயே குழாய் விரிந்திருந்தால், அல்லது ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால், காய்ச்சல் அடங்குகிறதா என்று காத்திருக்காமல் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டையோ இன்ஃப்ளிக்சிமாபையோ சேர்ப்பது இன்றைய போக்கு. உங்கள் மருத்துவர் இதைப் பேசாவிட்டால் நீங்களே கேளுங்கள். இழந்த நாட்களை ஓரளவு ஈடுகட்ட இருக்கும் வழி இது.

எக்கோ அறிக்கையில் இசட் ஸ்கோர் என்று போட்டிருக்கிறதே?

குழந்தையின் உயரம், எடையை வைத்து, அந்த உடலுக்கு இருக்க வேண்டிய அகலத்திலிருந்து குழாய் எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லும் எண். 2-க்குக் கீழ் இயல்பு. 2 முதல் 2.5 வரை வெறும் விரிவு. 2.5 முதல் 5 வரை சிறிய அன்யூரிசம், 5 முதல் 10 வரை நடுத்தரம். 10-ஐ எட்டினாலோ, அகலம் 8 மி.மீ. இருந்தாலோ ராட்சத அன்யூரிசம். "கரோனரி நார்மல்" என்று ஒரே வரியில் முடியும் அறிக்கை இந்த நோய்க்குப் போதாது. இடது முதன்மைக் குழாய், அதன் முன் கிளை, வலது குழாய் மூன்றின் அகலமும் மில்லிமீட்டரில் எழுதப்பட வேண்டும். எக்கோ எடுக்கும் அன்று உயரத்தையும் எடையையும் சரியாக அளக்கச் சொல்லுங்கள். அழுது புரளும் குழந்தைக்குத் தூக்க மருந்து கொடுத்து எடுப்பது தவறல்ல. அசையும் குழந்தையிடம் எடுத்த படத்தில் ஒரு மில்லிமீட்டரைப் பிரித்துப் பார்க்க முடியாது.

சிக்கல் இல்லாத குழந்தைக்கு நோய் தெரிந்த அன்று ஒன்று, ஓரிரு வாரத்தில் ஒன்று, நான்கு முதல் ஆறு வாரத்தில் ஒன்று எனப் பார்ப்பார்கள். விரிந்துகொண்டே போகும் குழாய் என்றால் நிலைப்படும்வரை வாரத்துக்கு இரு முறை.

ஆஸ்பிரின் எவ்வளவு நாள்? குழந்தைக்கு ஆஸ்பிரின் கூடாது என்பார்களே?

காய்ச்சல் உள்ளபோது கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 50 மி.கி. (சில இடங்களில் 80 முதல் 100), நான்காகப் பிரித்து. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள் ஆனதும் 3 முதல் 5 மி.கி., ஒரே வேளை. 12 கிலோ குழந்தைக்கு 36 முதல் 60 மி.கி. குழாய் இயல்பாக இருந்தால் நோய் தொடங்கியதிலிருந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் நிறுத்துவார்கள். அன்யூரிசம் இருந்தால் தொடரும். கடையில் கிடைக்கும் 75 மி.கி. மாத்திரைகளில் பல, வயிற்றில் கரையாத பூச்சு கொண்டவை. அவற்றை உடைத்தால் பூச்சு வீணாகும். தண்ணீரில் கரையும் வகை இருக்கிறதா என்று மருந்தாளரிடம் கேட்டு, உணவுக்குப் பின் கொடுங்கள்.

ஃப்ளூவோ சின்னம்மையோ வந்த குழந்தை ஆஸ்பிரின் எடுத்தால், அரிதாக ரேய் நோய்க்குறி என்ற ஈரல், மூளை பாதிப்பு வரலாம். "கூடாது" என்று சொல்வது இதனால்தான். கவாசாகிக்கு அது தேவை என்பதால் கொடுக்கிறோம், கவனத்தோடு. வீட்டிலோ பள்ளியிலோ சின்னம்மை வந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. நீண்டகால ஆஸ்பிரின் என்றால் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி. காய்ச்சலுக்கு ஐபுபுரோஃபென் கொடுக்காதீர்கள், அது ஆஸ்பிரினின் வேலையைக் கெடுக்கும். பாராசிட்டமால் கொடுக்கலாம்.

பெரிய அன்யூரிசம் என்றால்?

புடைத்த இடத்தில் ரத்தம் ஓடாமல் தேங்கிச் சுழல்கிறது. அதோடு பிளேட்லெட்டும் ஏறியிருக்கும். இரண்டும் சேர்வதால் உறைகட்டி உருவாகும் ஆபத்து, நோய் தொடங்கி 15 முதல் 45 நாள் வரை மிக அதிகம். தாமதமாக வரும் குழந்தை பெரும்பாலும் நேராக இந்தக் காலத்துக்குள்தான் வந்து சேர்கிறது. நடுத்தர அளவுக்கு ஆஸ்பிரினோடு, பிளேட்லெட் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் சேர்ப்பதுண்டு. ராட்சத அளவுக்கு ஆஸ்பிரினோடு, ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின்; ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் அளவு) 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். கைக்குழந்தைக்கு வார்ஃபரின் அளவைப் பிடித்து நிறுத்துவது கடினம் என்பதால், அதே வேலையைச் செய்யும் ஏனோக்சபரின் ஊசியை ஒரு நாளைக்கு இரு முறை தோலுக்கடியில் போடுவார்கள். அதை வீட்டில் போடப் பெற்றோர் கற்றுக்கொள்ளலாம்.

வார்ஃபரின் எடுக்கும் குழந்தைக்குக் கீரையே கூடாது என்பது தவறு. ஒரு வாரம் கீரையே இல்லாமல், அடுத்த வாரம் தினமும் முருங்கைக்கீரை என்று ஏறி இறங்குவதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கும். அளவு ஒரே சீராக இருக்கட்டும். புதிதாக எந்த மருந்து தொடங்கினாலும், ஆன்டிபயாட்டிக் உட்பட, நாட்டு மருந்து உட்பட, சில நாளில் ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும்.

மூன்று வயதுக் குழந்தை நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லாது. திடீரென்று வெளிறி, வியர்த்து, வாந்தி எடுத்து, தேற்ற முடியாமல் அழும். வயிறு வலி என்று காட்டும். அவசரப் பிரிவில் யாரும் அந்த வயதில் மாரடைப்பை நினைக்க மாட்டார்கள். "கவாசாகி நோய், கரோனரி அன்யூரிசம், உடனே ஈ.சி.ஜி. எடுக்கவும்" என்று எழுதிய ஒரு தாள் எப்போதும் பையில் இருக்கட்டும்.

புடைத்த குழாய் பழைய நிலைக்குத் திரும்புமா?

பாதிக்கு மேற்பட்டவை ஓரிரு ஆண்டில் இயல்பான அகலத்துக்குத் திரும்புகின்றன. சிறியவை திரும்பும் வாய்ப்பு அதிகம், ராட்சத அளவுள்ளவை அரிதாகவே. அகலம் திரும்பினாலும் சுவர் பழைய சுவர் அல்ல, உட்புறம் தடித்தே இருக்கும். அதனால் கண்காணிப்பு நிற்காது.

தடுப்பூசிகள்?

இம்யூனோகுளோபுலின் ஏற்றிய பின் 11 மாதம் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் பலன் தராது. எட்டாவது மாதத்தில் ஏற்றிய குழந்தைக்கு ஒன்பதாவது மாத ஊசியைப் பத்தொன்பதாவது மாதத்துக்குத் தள்ள வேண்டும். அட்டையில் இதை எழுதி வாங்குங்கள்; இல்லையென்றால் சுகாதார நிலையத்தில் வழக்கப்படி போட்டுவிடுவார்கள், போட்டும் பயன் இருக்காது. ஊரில் தட்டம்மை பரவினால் முன்பே போட்டு, பின்னர் ஒருமுறை திரும்பப் போடலாம். போலியோ சொட்டு, பென்டாவேலன்ட் போன்றவை வழக்கம்போல.

ஓடி ஆடலாமா? திரும்ப வருமா?

குழாய் இயல்பாக இருக்கும் குழந்தைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகு எந்தத் தடையும் இல்லை. ரத்தம் உறையாத மருந்து எடுப்பவர்கள் கபடிபோல மோதி விழும் ஆட்டங்களைத் தவிர்க்க வேண்டும். வார்ஃபரின் எடுக்கும்போது தலையில் அடிபட்டால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். திரும்ப வருவது ஜப்பானில் நூற்றுக்கு மூன்று அளவில். ஒருமுறை வந்த குழந்தைக்கு மீண்டும் காய்ச்சல் வந்து கண்ணோ உதடோ சிவந்தால் ஐந்து நாள் காத்திருக்காமல் காட்டுங்கள்.

எந்தக் காகிதங்களைப் பத்திரப்படுத்த வேண்டும்?

காய்ச்சல் தொடங்கிய தேதி, இம்யூனோகுளோபுலின் ஏற்றிய தேதியும் அளவும், ஒவ்வொரு எக்கோவிலும் குழாய்களின் மில்லிமீட்டர் அளவு, அன்றைய உயரம் எடை. அறிக்கையின் மை சில ஆண்டில் மங்கிவிடும், நகல் எடுத்து வையுங்கள். அன்யூரிசம் இருந்த குழந்தை பதினெட்டு வயதில் பெரியவர்களுக்கான இதய மருத்துவரிடம் போகும்போது, அவர் முதலில் கேட்பது அந்தப் புடைப்பு அதிகபட்சம் எவ்வளவு இருந்தது என்பதைத்தான்.